காலடியில் அழுகும் வேலி: எந்த உலோகத்தை வாங்குவது?

கேள்வி: எங்கள் மனையைச் சுற்றி 108 மீட்டர் வேலி. எட்டு வருடத்துக்கு முன் சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து போட்டார்கள். “ஜி.ஐ.தான், துருப்பிடிக்கவே பிடிக்காது” என்றார்கள். ஆறாவது வருடமே வெல்டிங் வைத்த இடமெல்லாம் சிவந்துவிட்டது. போன மழையில் பின்பக்கத்தில் இரண்டு கால்கள் தரையோடு ஒடிந்து சாய்ந்தன. முன்பக்கம் 22 மீட்டர், சாலை வளைவு. ஒருமுறை லாரி உரசியிருக்கிறது. இடப்பக்கம் 32 மீட்டர், அடுத்த வீட்டு ஜன்னல்கள் நேரே எங்களைப் பார்க்கின்றன. தகரம் அடித்து மறைத்துவிடலாமா என்று யோசிக்கிறோம். பின்பக்கம் 22 மீட்டர் தாழ்வான இடம், தண்ணீர் நிற்கும். வலப்பக்கம் 32 மீட்டர், அந்தப் பக்கம் காலி நிலம். கடல் 2 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வீட்டில் ஐந்து வயதுப் பையன், ஒரு நாய். இப்போது ஒருவர் அலுமினியம் என்கிறார், ஒருவர் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்கிறார், இன்னொருவர் தேனிரும்பு போட்டால் தலைமுறைக்கும் நிற்கும் என்கிறார். எதைப் போடுவது ஐயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேரும் உலோகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பழைய வேலி எப்படிப் போனது என்று அந்த மூவரில் ஒருவராவது குனிந்து பார்த்தாரா? நான் வந்திருந்தால் முதலில் உங்களிடம் ஒடிந்த அந்தக் காலைத்தான் கேட்டிருப்பேன். இருபத்தேழு வருடமாக வேலியும் கேட்டும் கிரில்லும் செய்கிறேன். நடுவில் துருப்பிடித்து விழுந்த வேலியை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். காலடியில் போகும், வெல்டிங்கில் போகும், இரண்டு உலோகம் சேரும் இடத்தில் போகும். அதனால் எந்த உலோகம் என்ற கேள்விக்கு நான் கொஞ்சம் சுற்றி வந்துதான் பதில் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் உங்கள் வேலியைப் போலவே ஒன்றைக் கழற்றப் போனோம். பார்வைக்குப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்பேனரால் காலின் மேல்பகுதியைத் தட்டினால் ‘டிங்’ என்றது. அப்படியே தட்டிக்கொண்டே கீழே வந்தேன். தரைக்கு நாலு விரல் மேலே சத்தம் மாறி ‘டொக்’ என்றது. அந்த இடத்தில் கிரைண்டரை வைத்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் குபுக்கென்று கொட்டியது. குழாயின் மேல்வாயை அடைக்கும் மூடி எப்போதோ உடைந்திருக்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கீழே கான்கிரீட் அடைத்திருந்ததால் வெளியேற வழியில்லாமல் வருடக்கணக்காக நின்றிருக்கிறது. வெளியில் அடித்த மூன்று கோட் பெயின்ட் அந்தக் குழாய்க்கு ஒரு நாள்கூட உதவவில்லை. அது உள்ளிருந்து வெளியே தின்னப்பட்டது.

உங்கள் பின்பக்கக் கால்களை எடுத்துப் பாருங்கள். ஒடிந்த விளிம்பு காகிதம் போல மெலிந்து, உள்பக்கம் செதில் செதிலாகப் பொருக்குத் தட்டியிருந்தால் கதை இதேதான்.

இப்போது “ஜி.ஐ.” என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்களை ஏமாற்றியது உலோகம் இல்லை, இந்தச் சொல்தான். இரும்பின் மேல் துத்தநாகம் பூசினால் அதற்கு ஜி.ஐ. என்று பெயர். எப்படிப் பூசினார்கள், எவ்வளவு கனம் என்பதைப் பெயர் சொல்லாது. ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்கு விற்கிறது.

மின்முலாம் பூசியது ஒன்று. வெள்ளி மாதிரி மின்னும். பூச்சு பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான்தான் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடுத்தது, தகடாக இருக்கும்போதே துத்தநாகம் ஏற்றி, பிறகு சுருட்டி ஒட்டவைத்துச் செய்த குழாய். இதில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரான். மூன்றாவது, வேலியை முழுதாக வெட்டி, துளையிட்டு, வெல்டிங் செய்து முடித்த பிறகு, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் அப்படியே முக்கி எடுப்பது. ஐ.எஸ்.ஓ. 1461 என்ற தரவரையறைப்படி இதில் சராசரிப் பூச்சு, ஒன்றரை முதல் 3 மி.மீ. வரை கனமுள்ள இரும்புக்கு 55 மைக்ரான், 3 முதல் 6 மி.மீ. வரை 70 மைக்ரான், அதற்கும் மேல் 85 மைக்ரான் இருக்க வேண்டும். நம் தலைமுடி ஒன்றின் கனமே ஏறத்தாழ 70 மைக்ரான். இத்தனை மெல்லிய பூச்சைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், வேலியின் ஆயுளே அதற்குள்தான் இருக்கிறது.

காற்று உலோகத்தை எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9223 என்ற இன்னொரு வரையறை உண்டு. சி1 என்பது உலர்ந்த அறைக்குள் இருப்பது போன்ற காற்று. அங்கிருந்து சி5 வரையும், அதற்கும் மேலே ஒரு படியும் போகிறது. கடலிலிருந்து 2 கிலோமீட்டர், காற்று தடையில்லாமல் வருகிறது என்றால் நான் சி4 என்றே கணக்கு வைப்பேன். சி4-ல் துத்தநாகம் வருடத்துக்கு 2.1 முதல் 4.2 மைக்ரான் வரை கரையும். வகுத்துப் பாருங்கள். 8 மைக்ரான் மின்முலாம் இரண்டு முதல் நான்கு வருடம். 20 மைக்ரான் பூச்சு ஐந்து முதல் ஒன்பது வருடம். 55 மைக்ரான் என்றால் பதின்மூன்றிலிருந்து இருபத்தாறு வருடம்.

உங்கள் வேலி ஆறாவது வருடம் சிவந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. அது இரண்டாவது வகைக் குழாய் என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். வெல்டிங்கில் முதலில் சிவந்ததற்கும் காரணம் உண்டு. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆக, பூசிய குழாயில் வெல்டிங் வைத்த நொடியிலேயே அந்த இடத்தைச் சுற்றி இருந்த பூச்சு வெண்புகையாகப் போய்விட்டது. (அந்தப் புகையைச் சுவாசித்தால் வெல்டருக்கு அன்றிரவே காய்ச்சல் வரும். நான் பட்டிருக்கிறேன்.) மிச்சம் நிற்பது வெறும் இரும்பு, அதன் மேல் ஒரு கோட் வெள்ளிப் பெயின்ட். அது எத்தனை நாள் தாங்கும்?

எனவே, இரும்பு வேலி என்றால் நான் ஒரே ஒரு வாக்கியத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்வேன்: “வெல்டிங் வேலை முழுவதும் முடிந்த பிறகு சூடான துத்தநாகத் தொட்டியில் முக்க வேண்டும்.” இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அப்படி முக்கியதற்கு ஓர் அடையாளம் உண்டு. குழாய் சேரும் ஒவ்வொரு மூட்டின் அருகிலும் ஒரு துளை இருக்க வேண்டும். அடைத்த குழாயைத் தொட்டியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து வெடிக்கும்; உருகிய உலோகம் ஆள் மேல் தெறிக்கும். அதனால் துளையில்லாமல் எந்தத் தொட்டிக்காரரும் முக்க மாட்டார். அந்தத் துளை வழியாகத்தான் துத்தநாகம் குழாயின் உள்ளேயும் போய் ஒட்டுகிறது. பிறகு வேலி நிற்கும் காலம் முழுக்க மழைத்தண்ணீர் வடிவதும் அதே வழியில்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று புட்டி வைத்து அடைப்பார்கள். கீழ்ப்பக்கத் துளைகளை அடைக்க மட்டும் விடாதீர்கள்.

துத்தநாகத்துக்கு இன்னொரு குணம் உண்டு, அதற்காகவே நான் அதை விரும்புகிறேன். கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். சில மில்லிமீட்டர் அகலக் கீறலை அது தாங்கிவிடும். பெயின்டுக்கு அந்தக் குணம் கிடையாது. பெயின்டில் ஓர் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும். துரு உள்ளே நுழைந்து, பெயின்டைத் தூக்கிக்கொண்டு அடியிலேயே பரவும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கொப்புளம் கிளம்புவது அதனால்தான்.

இனி அந்த மூவர் சொன்னதைப் பார்ப்போம்.

தேனிரும்பு என்று சொன்னவரை முதலில் முடித்துவிடுகிறேன். உண்மையான தேனிரும்பு என்பது கரி மிகக் குறைவாக, கசடு இழை இழையாக ஓடும் பழைய காலத்து இரும்பு. உடைத்தால் மரம் முறிந்தது போல நார் நாராகத் தெரியும். அதை ஆலையில் பெரிய அளவில் செய்வது 1970-களோடு நின்றுபோயிற்று. இங்கிலாந்தில் பால்டன் நகரத்தில் இருந்த கடைசி ஆலையும் அந்தப் பத்தாண்டில் மூடிவிட்டது. இன்று அந்தப் பெயரில் உங்களிடம் வருவது சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பியை முறுக்கி, சுருள் சுருளாக வளைத்துச் செய்தது. அழகாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தலைமுறைக்கு நிற்கும் என்பது அந்தப் பழைய இரும்பின் புகழ், இந்தக் கம்பிக்கு அது பொருந்தாது. அதிலும் சுருளும் சட்டமும் தொடும் இடுக்குகளில் தண்ணீர் தங்கும். அங்கே தூரிகையும் போகாது. கடல்காற்று அடிக்கும் இடத்தில் நான் அந்த வேலைப்பாட்டையே தவிர்ப்பேன்.

எஸ்.எஸ். என்றால் துருப்பிடிக்காது என்று எல்லோரும் நம்புகிறோம். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலாகப் படர்ந்து காக்கிறது. கடல் உப்பு அந்தத் தோலைக் குத்தும். பொதுவாகக் கிடைக்கும் 304 ரகத்தில், ஓரிரு வருடத்தில் டீ சிந்திய கறை மாதிரி பழுப்புத் திட்டுகள் வரும். வேலி விழாது, ஆனால் அழகுக்காக வாங்கிய பொருளின் அழகே போய்விடும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் நன்றாகத் தாங்கும். 108 மீட்டருக்கும் அதைப் போடுவது என்பது தேவைக்கு மிஞ்சிய செலவு. இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு ஏற்றிய 201, 202 ரகங்களை 304 என்று சொல்லித் தருகிறவர்கள் உண்டு. காந்தம் வைத்துப் பார்த்து ‘ஒட்டவில்லை, நல்ல எஸ்.எஸ்.தான்’ என்று திருப்திப்படுவார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதுதான் வழி. உங்கள் வேலியில் எஸ்.எஸ்.-க்கு ஒரு வேலை இருக்கிறது, ஆனால் அது போல்ட்டும் திருகும் அளவுக்குத்தான்.

அலுமினியத்தைப் பற்றிச் சொன்னவர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சிவப்புத் துரு என்ற பேச்சே இல்லை. கீறினாலும் உடனே மெல்லிய ஆக்சைடு தோல் மூடிக்கொள்ளும். நல்ல பவுடர் கோட்டிங்கோடு (பெயின்ட் பொடியைத் தூவி, சுட்டு ஒட்டவைக்கும் பூச்சு) வந்தால், கடலோரத்தில் குறைந்த பராமரிப்பில் நிற்கும் வேலி அதுதான். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான்; லாரி உரசினால் இரும்பு தாங்கும் இடத்தில் இது மடங்கும். வெல்டிங் வைத்தால் அந்த இடம் பலமிழக்கும். சூடேற்றிப் பதப்படுத்தி வந்த பலம் அந்த வெப்பத்தில் போய்விடும். அதனால் நல்ல அலுமினிய வேலி திருகாலும் கொக்கியாலும் கோத்ததாக இருக்கும். வெல்டிங் செய்து தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

அலுமினியத்தை ஈரக் கான்கிரீட்டில் நேரே நட்டாலும் தப்பு. சிமென்ட் காரத்தன்மை உள்ளது. அலுமினியத்தை அது கடிக்கும். புதைகிற பகுதிக்குத் தார்ப்பூச்சு கொடுத்துத்தான் நட வேண்டும். செம்பு, பித்தளைப் பொருள்களை அதன் பக்கத்திலேயே விடக் கூடாது. ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டில் எளிதில் அரிபடும் உலோகம் கரையும். செம்போடு சேர்ந்தால் கரைவது அலுமினியம்தான். துத்தநாகம் பூசிய இரும்போடு சேர்ந்தால் பெரிதாக வம்பு இல்லை. எஸ்.எஸ். திருகு போடலாம், அடியில் நைலான் வாஷர் கொடுங்கள்.

சரி, உங்கள் நான்கு பக்கத்துக்கும் வருகிறேன். ஒரே உலோகத்தை நான்கு பக்கமும் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான்கு பக்கத்துக்கும் நான்கு விதமான கஷ்டம் இருக்கிறது.

சாலை வளைவான முன்பக்கத்துக்கு இரும்பு. 2 மி.மீ. கனமுள்ள குழாய், வெல்டிங் முடித்துத் தொட்டியில் முக்கி, அதன் மேல் பவுடர் கோட்டிங். துத்தநாகமும் பூச்சும் சேர்ந்தால் இரண்டின் ஆயுளையும் தனித்தனியே கூட்டி வரும் கணக்கைவிட அதிகமாகவே நிற்கும். பூச்சு துத்தநாகத்தை வெயில் மழையிலிருந்து காக்கிறது, துத்தநாகம் பூச்சின் அடியில் துரு பரவாமல் தடுக்கிறது. பவுடர் கோட்டிங் செய்கிறவர் தொட்டியில் முக்கி எடுத்த இரும்பைக் கழுவி, பாஸ்பேட் கரைசல் மாதிரி ஒன்றில் பக்குவப்படுத்தினாரா என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் மேலே தூவிச் சுட்டால் இரண்டு வருடத்தில் தோல் தோலாக உரியும். இதே காரணத்தால் புதிய ஜி.ஐ. மேல் சாதாரண எண்ணெய் எனாமலும் அடிக்கக் கூடாது. எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, பெயின்ட் பிடிமானத்தை இழந்துவிடும்.

குழாயின் கனத்தை வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள், எடை போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்றால் ஒரு மீட்டர் சுமார் 1.44 கிலோ இருக்க வேண்டும். 1.6 மி.மீ. என்றால் 1.18 கிலோ. 1.2 மி.மீ. என்றால் 0.9 கிலோ. 6 மீட்டர் நீளக் குழாயைத் தராசில் வைத்தால் 8.7 கிலோவா, 5.4 கிலோவா என்று தெரிந்துவிடும். முனையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். வெட்டும்போது விளிம்பு மடிந்து கனமாகத் தெரியும்.

பையனுக்காக இரண்டு விஷயம். நெடுங்கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் குழந்தை தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். குறுக்குச் சட்டங்களைக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மட்டும் வையுங்கள். நடுவில் ஒன்று வந்தால் அது ஐந்து வயதுக்காரனுக்கு ஏணி. மேலே ஈட்டி முனை வேண்டவே வேண்டாம். ஏறி வழுக்கிய ஒரு சிறுவனின் கையை அப்படிப்பட்ட முனையிலிருந்து எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அன்றிலிருந்து குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு முனை வைத்துத் தருவதில்லை, எவ்வளவு கேட்டாலும்.

இடப்பக்கத்துக்குத் தகரம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கம்பி வேலியில் காற்று புகுந்து போய்விடும்; தகரத்தில் மோதி நிற்கும். விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 550 நியூட்டன் அழுத்துகிறது. இரண்டு காலுக்கு நடுவே 2.4 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரத்துக்குத் தகரம் அடித்தால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் சுமார் 240 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளுகிறது. தட்டையான வடிவத்தால் அது இன்னும் கூடும். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு. இதையெல்லாம் தாங்க வேண்டியது மறுபடியும் அந்தக் காலடிதான். கடலோரப் புயல்காற்றில் தகர வேலி காலோடு பிடுங்கிக்கொண்டு அடுத்த வீட்டில் போய் விழுந்ததைப் பார்த்தால் நீங்களும் என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

இந்தப் பக்கத்தில் வண்டி வராது, இடிபடாது. ஆகவே அலுமினியத்துக்கு ஏற்ற இடம் இதுதான். கிடைமட்டப் பட்டைகளை ஜன்னல் சட்டம் போலச் சற்றுச் சாய்த்து, இடைவெளி விட்டுக் கோத்தால் அடுத்த வீட்டுப் பார்வை மறையும், காற்றுக்கும் வழி இருக்கும். மறைப்புக் கூடக் கூடக் காற்றின் தள்ளலும் கூடும் என்பதால் கால்களை 1.8 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கி, தொட்டியில் முக்கிய இரும்பிலேயே வையுங்கள். அலுமினியப் பட்டை, இரும்புக் கால், நடுவில் நைலான் வாஷர். பட்டைகளின் சாய்வு உங்கள் பக்கம் ஏறிக்கொள்ள வசதியாக இல்லாதபடி, பையனை நினைத்துத் திசையைத் தீர்மானியுங்கள்.

பின்பக்கமும் வலப்பக்கமும் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டியதில்லை, நிற்க வேண்டும். அங்கே செயின் லிங்க் எனப்படும் டைமண்ட் வலையே போதும். கம்பி 3 மி.மீ., கண் 50 மி.மீ. கம்பி கனத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், 2.5-க்கும் 3-க்கும் அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் இரும்பின் அளவு 44 சதவீதம் கூடுகிறது. பிளாஸ்டிக் உறை போட்ட வலை என்றால் உறையைச் சுரண்டி உள்கம்பியை அளந்து வாங்குங்கள், வெளியே 3.5 காட்டி உள்ளே 2.5 இருப்பது வெகு சாதாரணம். கம்பியின் துத்தநாகம் சதுர மீட்டருக்கு 250 கிராமுக்குக் குறையாத கனப்பூச்சாக இருக்கட்டும். மேல் முனைகள் முறுக்கி முள்ளாக நிற்காமல், மடித்துவிட்டதாகக் கேளுங்கள். நாய் தோண்டி வெளியேறாமல் இருக்க வலையின் அடியில் ஓர் இழுகம்பி ஓடட்டும். தரைக்கும் வலைக்கும் 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். வலை தொய்வது எப்போதும் மூலையிலிருந்துதான், ஆகவே மூலைக்கால்களுக்கு இருபுறமும் சாய்வுக் கால் கொடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் நிற்கும் பின்பக்கத்தில் குழாய்க் காலே வேண்டாம். 50 × 50 × 6 மி.மீ. ஆங்கிள், அதாவது ‘L’ வடிவ இரும்புச் சட்டம் போடுங்கள். ஆங்கிளுக்கு உள் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் ஒளிந்துகொள்ள இடமில்லை. தட்டினாலும் சுரண்டினாலும் முழு உலோகமும் கண்ணுக்குத் தெரியும். 6 மி.மீ. கனம் என்பதால் தொட்டியில் முக்கும்போது மெல்லிய குழாயைவிடக் கூடுதலாகத் துத்தநாகம் ஏறும்; எடை மீட்டருக்கு 4.5 கிலோ. அழகு குறைவு என்பதால் பலர் இதை ஒதுக்குகிறார்கள். உங்கள் பின்பக்கத்துக்கு இதைவிட நல்ல கால் எனக்குத் தெரியவில்லை.

இனி நடுவது. உலோகத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும், வேலி இருபது வருடம் நிற்கும். ஒன்றரை மீட்டர் உயர வேலிக்குக் கால் 60 சென்டிமீட்டராவது மண்ணுக்குள் போகட்டும். இடப்பக்க மறைப்புக்கு அதைவிட ஆழமும் அகலமும் வேண்டும், குழியைக் காற்றுக் கணக்குப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். கான்கிரீட்டைத் தரையோடு நிறுத்தாதீர்கள். தரைக்கு மேல் 5 சென்டிமீட்டர் எழுப்பி, காலைச் சுற்றிக் குடை மாதிரி வெளிப்பக்கம் சரித்துப் பூசுங்கள். தண்ணீர் வந்தால் காலிலிருந்து விலகி ஓட வேண்டும். காலைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி குழி விழுந்தால் வேலை கெட்டது. பின்பக்கத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை நிற்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். போன மழையின் கறைகூட எங்காவது இருக்கும். கான்கிரீட் பீடம் அந்தக் கறைக்கு மேலே எழ வேண்டும்.

இதற்குப் பிறகு நடக்கும் ஒரு தப்பையும் சொல்கிறேன். வேலி ஓரம் செடி வைப்பதற்காக மண்ணைக் கொட்டி, அந்தக் குடையை மூடிவிடுவார்கள். ஈர மண் காலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தரைமட்டத்தை ஒட்டிய அந்த நாலு விரல் அகலத்தில் மேலே காற்று தாராளம், கீழே காற்று குறைவு. அந்த வித்தியாசமே ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து இரும்பைத் தின்னும். நாய் தினமும் ஒரே காலில் சிறுநீர் விடுவதும் அதே இடத்தைத்தான் கெடுக்கிறது. வாரம் ஒருமுறை அங்கே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

சரக்கு வந்து இறங்கும் அன்று வீட்டில் இருங்கள். தொட்டியில் முக்கி ஏற்றிய துத்தநாகம் புதிதாக இருக்கும்போது ஈரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வெள்ளைப் பொடி பூக்கும். இடையில் கட்டை வைத்து, காற்று போகும்படி சாய்த்து அடுக்கச் சொல்லுங்கள். பூச்சின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி தொட்டிக்காரரிடம் இருக்கும். உங்கள் முன்னால் பத்து இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெல்டிங்குக்கு அருகே நாலு இடமாவது இருக்கட்டும். வேலியைப் பொருத்தும்போது ‘கொஞ்சம் நீளமாக இருக்கிறது’ என்று கிரைண்டரை எடுத்தால் தடுங்கள். தவிர்க்கவே முடியாமல் வெட்டினால், வெட்டிய இடத்தைப் பளபளவென்று சுத்தம் செய்து, துத்தநாகத்தூள் நிறைந்த பெயின்டை அன்றைக்கே இரண்டு கோட் அடிக்க வேண்டும். வெள்ளி நிற ஸ்பிரே அடித்து மறைப்பது இதற்கு ஈடாகாது. அதில் இருப்பது பெரும்பாலும் அலுமினியத்தூள், இரும்பைக் காப்பாற்றும் குணம் அதற்கு இல்லை.

கேட்டைத் தனியாக யோசியுங்கள். அது தினமும் அசைகிற பொருள். சட்டம் தொட்டியில் முக்கியதாகவே இருக்கட்டும், ஆனால் கீலை வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் பொருத்தச் சொல்லுங்கள். கீல் தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். வெல்டிங் கீலை மாற்ற வேண்டுமானால் பூச்சை எரித்துத்தான் ஆக வேண்டும்.

வேலை தொடங்கும் முன் எல்லைக்கற்களை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாலை வளைவில் வேலி உயரத்துக்கு உள்ளாட்சி விதி ஏதும் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். வளைவில் பார்வை மறைக்கக் கூடாது என்பது நியாயமான விதி. குழி தோண்டும் வழியில் மின்கேபிளோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நட்டு முடித்த பிறகு, கடல்காற்று அதிகம் அடிக்கும் மாதங்களில் ஹோஸ் பைப்பால் நல்ல தண்ணீர் அடித்து நான்கு பக்கமும் கழுவுங்கள். மழை நேரே படாத இடங்களைத்தான், அதாவது குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கத்தையும் சாய்ந்த பட்டைகளின் அடியையும், குறிப்பாகக் கழுவ வேண்டும். மழை படும் இடத்தில் உப்பு தானே கழுவிப் போகும்.

கடைசியாக, பழைய கான்கிரீட் குழிகளை அப்படியே வைத்துக்கொண்டு அதிலேயே புதிய காலை இறக்கலாம், வேலை மிச்சம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். துருப்பிடித்த அடிக்குழாய் அதற்குள் இன்னும் இருக்கிறது. அது ஊதி ஊதிக் கான்கிரீட்டை விரிசல் விடச் செய்திருக்கும். அந்த விரிசலில் தண்ணீர் காத்திருக்கும். ஒவ்வொன்றையும் தோண்டி வெளியே எடுத்துவிட்டுப் புதுக் குழி போடச் சொல்லுங்கள்.